ஆயுள் வரி

ஆல்பேட்டை சாவடியில்
பாட்டில் தேடுகிறவர்களுக்கு ஒரு மேசை,
நம்பர் பலகை பார்க்கிற எனக்கு ஒரு மேசை.
அவர்கள் மேசைக்கு மின்விசிறி உண்டு.

பி.ஒய். 01 என்று தொடங்கிய வெள்ளைக் காரை
ஓரங்கட்டச் சொன்னேன்.
பின்சீட்டில் முந்திரிப்பருப்பு மூட்டை இரண்டு,
குழந்தைச் செருப்பு, ஒற்றை.
கலியபெருமாள், தகப்பனார் ஆதிமூலம்.
பதிவு முகவரி கிருமாம்பாக்கம்.
ஆதார் முகவரி கோண்டூர்.

'வண்டி எங்கே தூங்குது?' என்றேன்.
சட்டத்தில் இதற்கு நீளமான வாசகம் இருக்கிறது.
ஏழு வருஷ வெயிலில்
அது இவ்வளவாகச் சுருங்கிவிட்டது.

'தூங்க விட்டாத்தானே மேடம்.'

காகிதத்தை நீட்டினார்.
ஆயுள் வரி கட்டிய ரசீது, நாலாய் மடித்த இடத்தில் கிழிந்தது.
'ஆயுள்னா ஒண்ணுதானே?
பாலத்துக்கு அந்தாண்ட ஒரு ஆயுளு,
இந்தாண்ட ஒரு ஆயுளா?
நான் செத்தா ரெண்டு கருமாதி பண்ணுவீங்களா?'

உங்கள் ஆயுள் அல்ல, வண்டியின் ஆயுள், என்றேன்.
பதினைந்து வருஷம்.
யாருடைய ஆயுளையும் இத்தனை உறுதியாக
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ரோட்டுக்காகத்தான் வாங்குகிறோம், என்றேன்.
'எந்த ரோட்டுக்கு?'
திரும்பிப் பார்த்தார். நானும் பார்க்க வேண்டியதாயிற்று.
போன மழையில் பெயர்ந்த ஜல்லி,
வட்டமாய் ஒரு பள்ளம், அதற்குக் காவலாக
யாரோ நட்டுவைத்த நொச்சிக் கிளை.
மீன்கூடையோடு ஒருத்தி அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.
சோப்புக்குக் கட்டியவள், தீப்பெட்டிக்குக் கட்டியவள்,
ரோட்டுக்கென்று தனியாகக் கட்டாதவள்.
அவளுக்கும் அதே பள்ளம்தான்.

'இப்படியே விட்டா நாளைக்கு வீட்டுக்குள்ள வருவீங்க.
ஃபிரிட்ஜு, கட்டில், தையல் மிஷின்,
பொண்டாட்டி மூக்குத்தி
எல்லாத்துக்கும் நம்பர் அடிப்பீங்க.'

பாட்டில் மேசைக்காரர்கள் சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை.
கட்டில் ரோட்டைத் தேய்ப்பதில்லை, உண்மை.
மூக்குத்திக்குச் சக்கரமில்லை.
ஆனால் லாக்கரில் கிலோ கணக்கில் தூங்குவதை
எந்த மேசையும் மறித்து
எங்கே தூங்குகிறாய் என்று கேட்பதில்லை.
வெயிலில் ஓடுவது கண்ணில் படுகிறது,
கண்ணில் படுவது கட்டுகிறது.
இதைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
தொகை எழுத இருக்கிறது.
எழுதினேன். ஐந்து இலக்கம்.

மனிதர் கையெழுத்துப் போட்டார்.
பேனாவை மூடித் தந்தவர், போகாமல்,
'உங்க வண்டி எது மேடம்?' என்றார்.

புங்கமரத்தடியில் நின்றது ஸ்கூட்டர்.
நான் காட்டவில்லை. அவரே பார்த்துவிட்டார்.
பி.ஒய். 01.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் பாகூர்.
சம்பளம் இந்தப் பக்கம், தூக்கம் அந்தப் பக்கம்.
ஒவ்வொரு ராத்திரியும் வண்டி எல்லை தாண்டிவிடுகிறது,
விதிப்படி எல்லாம் சரி,
எந்த மேசையிலும் நிரூபிப்பேன்.
பகலில் ஒன்பது மணி நேரம்
இந்த ரோட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மூட்டையிலிருந்து ஒரு கை முந்திரியை அள்ளி
மேசைமேல் வைக்கப் போனார்.
வேண்டாம் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

முள்ளோடையில் தரையில் கோடு எதுவும் கிடையாது.
பெட்ரோல் விலை மாறுகிற இடத்தில்
ஊர் மாறிவிட்டதென்று எடுத்துக்கொள்கிறோம்.

அதுவரை போவதற்கு முன்னால் பள்ளம் வந்தது.
நொச்சிக் கிளையை ஏதோ மாடு தின்றிருக்க வேண்டும்,
இருட்டில் தெரியவில்லை.
வண்டி இறங்கி ஏறியபோது
தோள்பையில் இருந்த ரசீதுப் புத்தகம் எகிறி
என் முதுகில் ஒருமுறை தட்டியது.